மண், மூச்சு, நேரம்: தற்காப்புக் கலைகளில் உட்சக்தி என்பது என்ன?

ஆதிகோணநாயகர் வீற்றிருக்கும் தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே, மனித உடம்பின் வலுவைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பு பெரும்பேறு. உழைக்கும் உடம்பை அறிந்த ஊர் இது. சிலம்பம், சீனடி என்னும் தற்காப்புக் கலைகள் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டிலும் கோயில் விழாவிலும் திருமண ஊர்வலத்திலும் ஆடப்பட்டுவரும் கிழக்கிலங்கையின் ஒரு பகுதியும் இதுவே. ஆகவே என் கேள்வியை ஏட்டிலிருந்து எடுக்கத் தேவையில்லை. ஆடுகளத்திலேயே அது இருக்கிறது. மெலிந்த உடம்புடைய முதிய ஆசான் ஒருவர், தம்மைவிடப் பருத்த இளைஞனைப் பெருமுயற்சி எதுவும் இல்லாததுபோலச் சாய்த்துவிடுகிறார். அவர் வீசும் கம்பு, தசை முறுக்கேறிய இளைஞன் வீசுவதைக் காட்டிலும் கடுமையாக விழுகிறது. அந்த வலு எங்கிருந்து வருகிறது?

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன. உடம்புக்குள் தசைக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தி ஓடுகிறது, அதை மூச்சால் கட்டி வேண்டிய இடத்துக்குச் செலுத்தலாம் என்பது முதல் விடை. வாசி, பிராணன், சீனரின் சீ, யப்பானியரின் கி என்று அதற்குப் பல பெயர்கள். அப்படி எதுவும் இல்லை, எல்லாம் கண்கட்டு அல்லது மூடநம்பிக்கை என்பது இரண்டாம் விடை. இரண்டும் அவசர முடிவுகள் என்பதே என் கருத்து. ஆசான் காட்டும் வலு உண்மையானது; ஆயினும் உடம்போடு புதிதாகச் சேர்ந்த இரண்டாவது வலு அன்று. எல்லா உடம்பிலும் உள்ள ஒரே வலு, தடையின்றி, சரியான ஒழுங்கில், சரியான கணத்தில் வெளிப்படுவதையே உட்சக்தி என்று நாம் அழைத்துவருகிறோம். அந்த ஒழுங்குக்கு மூன்று கால்கள்: மண், மூச்சு, நேரம். இதை நிறுவ முயல்வதும், இதற்கு எதிராக எழக்கூடிய கேள்விகளுக்கு விடை சொல்வதும், அவற்றிலிருந்து நம் ஊர் செய்யவேண்டியதைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கம்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். எந்தத் தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. நாம் ஒருவனைத் தள்ளும்போது அவனும் நம்மைத் தள்ளுகிறான். அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ள ஏதாவது வேண்டும், அதுதான் நிலம். பாசி படிந்த படிக்கட்டில் நின்றுகொண்டு எவரும் பலமாகக் குத்த முடியாது. தோள் தசை அப்படியேதான் இருக்கிறது, உராய்வுதான் இல்லை. எனவே கையிலிருந்து புறப்படுவதாகத் தோன்றும் விசை உண்மையில் பாதத்தில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் வழியாக வந்து கையில் முடிகிறது. இடையில் ஒரு மூட்டு தளர்ந்தாலும் கோணினாலும் விசை அங்கே கசிந்துவிடும். கம்பைத் தொட விடாமல் மாதக்கணக்கில் காலடி முறையாகிய சுவடு மட்டும் வைக்கச் சொல்லும் ஆசான் மாணவனின் பொறுமையை மட்டும் சோதிக்கவில்லை. விசை நிலத்திலிருந்து கசியாமல் ஏறிவரும் பாதையை அவன் உடம்பில் அமைத்துக்கொண்டிருக்கிறார்.

வயல் வேலையும் இதற்குச் சான்று. மூன்று புசல் நெல் கொண்ட மூடை ஏறத்தாழ 60 கிலோவுக்கு மேல் இருக்கும். அனுபவமுள்ள தொழிலாளி அதைக் கைகளால் உயர்த்துவதில்லை. மூடைக்குக் கீழே தன் உடம்பைக் கொண்டுபோய், சுமையை முதுகெலும்புக்கு நேர்மேலாக அமர்த்தி, தொடையால் எழுகிறார். புதியவர் அதே மூடையை மார்புக்கு ஓர் அடி முன்னால் பிடித்துத் தூக்க முயன்று இடுப்பு பிடித்துக்கொண்டு உட்காருகிறார். விசையின் திருப்பம் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது என்று பாடசாலையில் படிக்கிறோம். சுமை இடுப்பிலிருந்து விலக விலக, கீழ்முதுகுத் தசைகள் தாங்கவேண்டிய திருப்பம் கூடுகிறது. அனுபவசாலி தூரத்தைக் குறைக்கிறார், புதியவர் தசையைக் கூட்டுகிறார். சிலம்பத்தில் எதிரியின் பிடியை அறுப்பதும், சீனடியில் பூட்டுப் போடுவதும் இதே கணக்கின்படிதான் நடக்கின்றன. தன் உடம்பின் ஈர்ப்பு மையத்தைப் பாதங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, எதிரியின் மையத்தை அவன் பாதங்களுக்கு வெளியே கொண்டுபோய்விட்டால், சாய்ப்பதற்குச் சிறு விசையே போதும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

அடுத்து நேரம். சிலம்பக் கம்பை ஒரு பக்கமாகப் பிடித்திருக்கிறோம், கைக்கும் கம்பின் முனைக்கும் இடையே 1.2 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு இரண்டு சுற்று சுற்றினால் முனையின் கதி செக்கனுக்கு சுமார் 15 மீட்டர். அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். இயக்கசக்தி கதியின் வர்க்கத்தோடு கூடுவதால், சுற்றும் கதியை இரட்டித்தால் அடியின் சக்தி நான்கு மடங்காகும். கம்பின் திணிவை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். ஆகவே பாரமான கம்பைவிட விரைவான கம்பே வலியது. விரைவோ தனித்த ஓர் உறுப்பால் வருவதில்லை. இடுப்பு திரும்பத் தொடங்கி, அதன் கதி உச்சத்தை எட்டும்போது தோள் புறப்பட்டு, தோள் உச்சத்தை எட்டும்போது முழங்கை விரிந்து, இறுதியில் மணிக்கட்டு சுழல வேண்டும். பெரிய உறுப்பு சேர்த்த உந்தம் அடுத்தடுத்த சிறிய உறுப்புகளுக்குக் கைமாறும்போது, திணிவு குறையக் குறையக் கதி ஏறுகிறது. எல்லாம் ஒரே கணத்தில் தொடங்கினாலோ வரிசை பிசகினாலோ தசை எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இது வெறும் ஊகம் அன்று, அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மக்நெயர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவரும் கராத்தேயின் பௌதிகம் பற்றி 1979 ஏப்ரலில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார்கள். அவர்களுள் மக்நெயர் கராத்தேயில் கறுப்புப் பட்டி பெற்றவர், லேசர் பௌதிகவியலாளர், 1986இல் சலஞ்சர் விண்ணோட விபத்தில் உயிரிழந்த விண்வெளி வீரர்களுள் ஒருவர். தேர்ந்தவரின் கை செக்கனுக்கு 10 முதல் 14 மீட்டர் வரையான கதியை எட்டுகிறது என்றும், மோதலில் பிறக்கும் விசை 3000 நியூட்டனைத் தாண்டக்கூடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். பலகையும் கொங்கிரீட் கட்டியும் உடைவதற்கு வேறெந்த சக்தியையும் துணைக்கு அழைக்கத் தேவைப்படவில்லை. அதைவிடவும் நம் கேள்விக்கு நெருக்கமானது 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. கறுப்புப் பட்டி பெற்ற 12 கராத்தே வீரர்களையும், உடற்பயிற்சி செய்பவர்களாயினும் கராத்தே அறியாத 12 பேரையும் ஐந்து சென்ரிமீட்டர் தொலைவிலிருந்து குத்தச் சொன்னார்கள். தசை வலுவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கராத்தே வீரர்களின் குத்து வலியதாக இருந்தது. தோளும் மணிக்கட்டும் தத்தம் உச்சத்தை அடையும் நேரங்கள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தின என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அந்தப் பொருத்தமோ சிறுமூளையை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் வெண்பொருளின் அமைப்போடு தொடர்புபட்டிருந்தது. ஆசானின் வலு உள்ளே இருக்கிறது என்ற பழைய நம்பிக்கை இங்கே ஒருவகையில் உறுதிப்படுகிறது. அது புயத்தில் இல்லை. புயத்தை ஏவும் நரம்பு மண்டலத்தின் ஒழுங்கில் இருக்கிறது.

நேரம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு: எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பது. உடம்பைத் தளர்த்து என்று எல்லா ஆசான்களும் சொல்கிறார்கள். அடிக்கப் போகிறவனைத் தளரச் சொல்வது புதிய மாணவனுக்கு முரணாகப் படும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை ஆராய்ந்துவந்த ஸ்டுவர்ட் மக்கில் குழுவினர், தேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் தசைகளில் மின்வாய்களைப் பொருத்தி ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல தாக்குதல்களில் தசைகள் இரண்டு முறை உச்சம் கண்டன. புறப்படும்போது ஓர் இறுக்கம், நடுவில் தளர்வு, படும் கணத்தில் மீண்டும் ஓர் இறுக்கம். இறுகிய தசை விறைப்பானது. விறைத்த மூட்டால் விரைய முடியாது. தளர்ந்த கை விரையும். ஆனால் படும்போது மடிந்துவிடும். ஆகவே முதல் இறுக்கம் இயக்கத்தைத் தொடக்குகிறது, தளர்வு கதியைக் கொடுக்கிறது, இறுதி இறுக்கம் உடம்பின் திணிவை அடியின் பின்னால் நிறுத்துகிறது. மென்மைக்குள் வன்மை என்று மரபு சொல்லிவந்தது இந்த மூன்று கட்டங்களையே.

மூன்றாவது மூச்சு. உட்சக்தி பற்றிய பேச்சு மிகுதியும் மூச்சைச் சுற்றியே நடக்கிறது, அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்தகடு மூச்சுக்கு மட்டும் உரிய தசை அன்று. அது கீழிறங்கி, வயிற்றுச் சுவர்த் தசைகளும் இறுகும்போது வயிற்றின் உள்ளமுக்கம் உயர்ந்து முதுகெலும்பை உள்ளிருந்து நிமிர்த்திப் பிடிக்கிறது. அவுஸ்திரேலியாவில் போல் ஹொட்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்குரியது. நிற்கும் ஒருவர் கையை விரைவாக உயர்த்தும்போது, தோள் தசை இயங்குவதற்குச் சுமார் 20 மில்லிசெக்கன் முன்பாகவே பிரிமென்தகடு இயங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். கை அசையுமுன் உடம்பின் நடுப்பகுதி தயாராகிறது, அந்தத் தயாரிப்பில் மூச்சுத் தசை முன்னிற்கிறது. மூச்சு முந்த வேண்டும், கை பிந்த வேண்டும் என்று கற்பிக்கும் ஆசான் மின்வாய் இல்லாமலே இதைத் தம் உடம்பில் உணர்ந்தவர்.

அடிக்கும்போது எழுப்பும் குரலுக்கும் வேலை உண்டு. 1961இல் மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டைன்ஹவுஸ் இருவரும் முழங்கையை மடக்கும் தசைகளின் உச்ச வலுவை அளந்தார்கள். தாமே உரக்கக் கத்தியபோது பங்குபற்றியோரின் வலு சராசரியாக 12 சதவீதம் அளவில் கூடியது. அதே தசை, அதே மனிதர். சில செக்கன்களில் புதுத் தசை வளர்ந்துவிடாது. எனவே அந்த மேலதிக வலு முன்பே உடம்பில் இருந்தது, நரம்பு மண்டலம் அதை அடக்கிவைத்திருந்தது, குரல் அந்தத் தடையைத் தளர்த்தியது என்பதே அவர்கள் கொண்ட விளக்கம். உட்சக்தியைச் சேர்க்கப்பட்ட பொருளாகக் காணாமல் நீக்கப்பட்ட தடையாகக் காண வேண்டும் என்ற என் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மெதுவான மூச்சின் பயன் வேறு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்தில் உள்ளிழுக்க 16, அடக்க 64, வெளிவிட 32 மாத்திரை என்று அளவு சொல்கிறது. வெளிமூச்சு உள்மூச்சைவிட இருமடங்கு நீண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு தணிகிறது, உள்மூச்சின்போது சற்று விரைகிறது என்பது இன்று எந்த மருத்துவமனைக் கருவியிலும் காணக்கூடியது. நீண்ட வெளிமூச்சைப் பழகியவன் அச்சம் மிகும் கணத்திலும் உடம்பைத் தளர்வாக வைத்திருப்பான். தளர்வு இல்லாமல் கதி இல்லை என்று முன்பே கண்டோம். மூச்சும் நேரமும் ஒன்றையொன்று தாங்குவது இவ்வாறுதான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எல்லாம் பௌதிகமும் நரம்பியலும்தான் என்றால், சக்தி ஓடுகிறது என்று சொன்ன முன்னோர் பொய் சொன்னார்களா என்று மரபை நேசிப்பவர் கேட்பார். இல்லை என்பதே என் உறுதியான விடை. கற்பித்தலில் ஒரு சொல் அதன் பொருளால் மட்டும் மதிக்கப்படுவதில்லை. கேட்டவன் உடம்பில் அது விளைக்கும் மாற்றத்தாலும் மதிக்கப்பட வேண்டும். கப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் தம் குழுவினரோடு 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஒரு சோதனை நடத்தினார். தம் பாதங்களின் விசையைக் கவனிக்குமாறு சிலருக்கும், பாதங்களுக்குக் கீழேயுள்ள சக்கரங்களின் மீதான விசையைக் கவனிக்குமாறு வேறு சிலருக்கும் சொல்லப்பட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடந்தான். ஆனாலும் வெளியே கவனம் வைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதன் பின் பல விளையாட்டுகளில் இதே போக்குக் காணப்பட்டிருக்கிறது. தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி இயக்குபவன் தடுமாறுகிறான். விளைவை எண்ணி இயங்குபவனின் உடம்பு தானே ஒழுங்குபடுகிறது. உன் வலு மண்ணிலிருந்து ஏறிக் கம்பின் நுனி வழியே வெளியே பாய்வதாக எண்ணு என்று ஆசான் சொல்லும்போது, பத்துத் தசைகளின் பெயரைச் சொல்லி விளக்குவதைவிடச் சிறந்த பாடத்தைத் தருகிறார். அந்தச் சொல் ஒரு வழிகாட்டல். வழிகாட்டலாக அது முழு உண்மை. அதைப் பொருளின் வருணனையாகக் கொண்டு, உடம்புக்குள் ஒரு திரவம் ஓடுகிறது என்று வாதிடும்போதுதான் பிழை தொடங்குகிறது.

மரபும் ஒரே குரலில் பேசியதில்லை. கேரளக் களரிப்பயிற்றைக் களரியிலேயே பல்லாண்டு பயின்று ஆராய்ந்த பிலிப் சரில்லி, 1998இல் வெளியான தம் நூலில், களரி ஆசான்கள் உடம்பை மூன்று விதமாகக் காண்பதைப் பதிவு செய்திருக்கிறார். வாதபித்தகபங்களின் உடம்பு ஒன்று. எலும்பும் தசையும், வர்மம் எனப்படும் உயிர்நிலைகளும் கூடிய உடம்பு இன்னொன்று. யோகம் சொல்லும் நுண்ணுடம்பு மற்றொன்று. எண்ணெய் தடவும்போது முதலாவது, அடிக்கும்போதும் காயம் ஆற்றும்போதும் இரண்டாவது, மனத்தை ஒருமுகப்படுத்தும்போது மூன்றாவது முன்னுக்கு வருகின்றன. இவற்றுள் எது உண்மை என்று சண்டையிடாமல், எந்த வேலைக்கு எது உதவும் என்று ஆசான்கள் தேர்ந்துகொண்டார்கள். இந்த நெகிழ்ச்சியைத் தொலைத்துவிட்டு, ஒரு விளக்கத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொள்வது மரபைக் காப்பதாகாது.

இரண்டாவது எதிர்வாதம் அற்புதங்களைக் காட்டி எழுவது. மடக்க முடியாத கை, பலர் சேர்ந்து தள்ளியும் அசையாத முதியவர், தொடாமலே சாய்க்கும் ஆசான் ஆகியவற்றுக்கு என்ன விளக்கம்? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பலத்தோடு கையை நீட்டு என்றால் மாணவன் முழங்கையை நீட்டும் தசையோடு மடக்கும் தசையையும் இறுக்கி, தன்னை மடக்க வருபவனுக்குத் தானே உதவுகிறான். நீர் பாய்வதாக எண்ணித் தளர்வாக நீட்டச் சொன்னால் நீட்டும் தசை மட்டும் வேலை செய்கிறது, கை மடங்குவதில்லை. தள்ளப்படும் முதியவர் தள்ளுபவனின் முழங்கையைச் சற்றே மேல்நோக்கித் தாங்குகிறார். அதனால் தள்ளுபவனின் பாதம் நிலத்தை அழுத்தும் விசை குறைந்து அவனது உராய்வு குறைகிறது. மறுதாக்கத்தால் முதியவரின் உராய்வு கூடுகிறது. வரிசையாகப் பத்துப் பேர் நின்று தள்ளினாலும், முன்னே நிற்பவனின் கை தாங்கும் அளவுக்கு மேல் விசை முதியவரை எட்டாது. இவை ஏமாற்று அல்ல, உண்மையான திறன்கள், கற்பிக்கக்கூடியவை. தொடாமல் சாய்ப்பது இவற்றோடு சேராது. தம் ஆசானிடம் நம்பிக்கை வைத்த மாணவர்கள் மட்டும் விழுகிறார்கள், மற்றவர் விழுவதில்லை என்றால், அங்கே செயற்படுவது மாணவரின் எதிர்பார்ப்பே. 2017இல் சீனாவின் செங்டு நகரில் தைச்சி ஆசான் ஒருவர் கலப்புத் தற்காப்புக் கலை வீரரோடு மோதிச் சில செக்கன்களில் தோற்ற காட்சி உலகெங்கும் பரவியது. அதைக் கண்டு தைச்சியே வெறுமை என்று முடிவு கட்டுவது தவறு. எதிர்ப்புக் காட்டாத துணைவனோடு மட்டும் பழகும் எந்தக் கலையும் தன் குறையை அறியும் வாய்ப்பை இழந்துவிடுகிறது என்பதே அதன் பாடம்.

மூன்றாவது எதிர்வாதம் வர்மத்தைப் பற்றியது. மரபு 108 வர்மங்களை எண்ணி, 12ஐப் படுவர்மம் என்றும் 96ஐத் தொடுவர்மம் என்றும் வகுத்திருக்கிறது. சிறு தொடுகையால் உயிரே போகும் என்றால் அங்கே தசைக்கும் திணிவுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். வர்மத்தை நான் மறுக்கவில்லை. அது உடற்கூற்றின் மிகக் கூர்மையான அவதானிப்பு என்றே கொள்கிறேன். கழுத்தின் பக்கத்தில் குருதியமுக்கத்தை உணரும் இடம் இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் நரம்பு எலும்பின் மேல் கிட்டத்தட்டத் தோலடியிலேயே ஓடுகிறது. இத்தகைய இடங்களில் சிறு விசையும் பெரு விளைவைத் தரும். கணமும் முக்கியம். 1998இல் மார்க் லிங்க் குழுவினர் பன்றிகளில் நடத்திய ஆய்வில், மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் கதியில் வந்த, பேஸ்போல் பந்தின் அளவும் நிறையும் கொண்ட மரப்பொருள் நெஞ்சில் இதயத்துக்கு நேரே பட்டது. இதயச் சுழற்சியின் குறிப்பிட்ட 15 மில்லிசெக்கன் அளவான இடைவெளியில் பட்டபோது மட்டும் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் நிலை உண்டானது. மற்றக் கணங்களில் அவ்வாறு ஆகவில்லை. இடமும் கணமும் கூடினால் சிற்றடியும் கொல்லும் என்ற மரபின் கூற்று வீண் கதை அன்று. ஆயினும் அந்தக் கணத்தை வேண்டும்போது தேர்ந்தெடுத்து அடிக்கலாம் என்பதற்கு இது சான்றாகாது. அத்தனை குறுகிய இடைவெளியை எந்த ஆசானும் குறிவைக்க முடியாது. ஆகவே வர்மம் நமக்குச் சொல்லும் முதல் பாடம் பொறுப்பு. பிள்ளைகள் பழகும் களத்தில் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் காப்பு வேண்டும், விளையாட்டாகவும் அந்த இடங்களை அடிக்கக் கூடாது என்பதை அது கட்டளையாகவே இடுகிறது.

நான்காவது எதிர்வாதம் மிக ஆழமானது. கலையை விசையாகவும் மில்லிசெக்கனாகவும் பிரித்துவிட்டால் அதன் புனிதம் போய்விடாதா, ஆசானை வணங்கி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி இறங்கும் அந்தப் பணிவு எங்கே போகும் என்ற கேள்வி அது. விளக்கம் வந்தால் வியப்பு போய்விடும் என்று நான் கருதவில்லை. தான் தனியாக வலியவன் அல்லன், தன் வலு முழுவதும் பாதத்துக்குக் கீழுள்ள நிலம் திருப்பித் தருவது என்று அறிந்தவனுக்கு மண்ணைத் தொட்டு வணங்குவதன் காரணம் இன்னும் நன்றாகப் புரியும். மாறாக, உட்சக்தி விளக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று மூடிவைத்ததால் நேர்ந்த இழப்பு பெரிது. சந்தேகம் கேட்ட மாணவன் நம்பிக்கையற்றவன் எனப்பட்டான். சில பாடங்கள் ஒரே சீடனுக்கென்று ஒதுக்கப்பட்டு, அவன் இல்லாதபோது ஆசானோடு மறைந்தன. போரும் இடப்பெயர்வும் கண்ட இம்மாவட்டத்தில், வாய்மொழியை மட்டும் நம்பியிருந்த கலை எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அளந்து, எழுதி, பலருக்குச் சொன்ன அறிவு ஒருவரோடு அழிவதில்லை.

இதிலிருந்து நாம் செய்யவேண்டியவை தாமே புலப்படுகின்றன. முதலாவது, முதிய ஆசான்களின் சுவடுகளையும் வீச்சுகளையும், அவர்கள் பயன்படுத்தும் சொற்களோடு சேர்த்து, காணொளியில் பதிவு செய்ய வேண்டும். இன்று பல கைபேசிகள் செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கின்றன. இடுப்பும் தோளும் மணிக்கட்டும் எந்த வரிசையில் இயங்குகின்றன என்பதை மாணவரே அதில் காணலாம். இரண்டாவது, பாடசாலைகளில் சிலம்பத்தையும் விஞ்ஞானப் பாடத்தையும் இணைக்கலாம். இரு பாதங்களுக்குக் கீழே இரண்டு சாதாரண எடைக் கருவிகளை வைத்துச் சுவடு மாற்றினால், உடம்பின் நிறை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவதை எண்ணாகவே காணலாம். நியூட்டனின் விதியைக் கரும்பலகையில் மறந்த பிள்ளை தன் பாதத்தில் மறக்காது. மூன்றாவது, எந்தக் கோட்பாட்டையும் எதிர்ப்புக் காட்டும் துணைவனோடு, காப்புடன், படிப்படியாகச் சோதிக்கும் வழக்கம் வேண்டும். நான்காவது, இது இளைஞருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. பார்கின்சன் நோயுற்ற 195 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் இரு முறை 24 வாரம் தைச்சி பயின்றவர்கள் தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நல்ல சமநிலையும் குறைந்த விழுகைகளும் கொண்டிருந்தார்கள். நம் சுவடுப் பயிற்சியை மெதுவாக்கி முதியோருக்குத் தரலாம். தசையின் பருமனைவிட ஒழுங்கே பெரிது என்றால், இக்கலையில் பெண்பிள்ளைகளுக்கும் முழு உரிமை உண்டு என்பதும் தானே பெறப்படும்.

இறுதியாக ஒன்று. தமிழரின் சிலம்பமும், முஸ்லிம் மக்கள் பேணிவரும் சீனடியும், சிங்கள மக்களின் அங்கம்பொரவும் தத்தம் மந்திரத்தையும் வணக்கத்தையும் தனித்தனியே கொண்டவை. ஆனால் மூன்றும் மிதிப்பது ஒரே மண். மூன்றும் இழுப்பது ஒரே காற்று. மூன்றிலும் தோள் மணிக்கட்டுக்கு முந்துகிறது. மூன்று சமூகங்களும் அருகருகே வாழும் தம்பலகாமத்தில், மூன்று களங்களின் ஆசான்களும் ஒன்றாக அமர்ந்து தங்கள் பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஒவ்வொரு களமும் தன் சக்தியே உயர்ந்தது என்று நம்பும்வரை அந்த உரையாடல் நடக்காது. உட்சக்தி எல்லா உடம்புக்கும் பொதுவான ஒழுங்கு என்று ஏற்றுக்கொண்டால், ஒரு களம் கண்டதை மற்றக் களம் சோதித்து, திருத்தி, தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். அப்படியொரு கூட்டுப் பயிற்சியை இவ்வுரைக்கு இடம் தந்த அறக்கட்டளையே முன்னின்று தொடங்க வேண்டும் என்ற வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன்.